முற்றத்தில் பூட்ஸ் தடம்

துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் ஜெயகணேஷ், பூட்ஸ் தைக்கும் செந்தூர்வேல் அண்ணாச்சியிடம் செல்போனை நீட்டினான். மணலில் பதிந்த பூட்ஸ் தடம் ஒன்று படத்தில் இருந்தது.

“இந்தச் சோல் நீங்க வெட்டினதுதானே அண்ணாச்சி?”

“ஆமா. இந்தக் குறுக்குக் கோடு நான்தான் போடுவேன். எதுக்குக் கேக்கே?”

“டூட்டி முடிஞ்சு வந்து பார்த்தா எங்க வீட்டு முத்தத்துல கிடக்கு. வாசல்லேருந்து கேட் வரைக்கும்.”

“வீட்ல கேட்டியா?”

“யாரும் வரலன்னு சொல்லுதா. மூஞ்சியப் பார்த்தா நம்புறாப்பல இல்ல. எட்டயபுரத்துக்கு, ஒங்கப்பன் வீட்டுக்கே போயிருன்னு சொல்லிட்டேன். அவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க.”

அண்ணாச்சி படத்தை மறுபடியும் பார்த்தார்.

“இந்த வாரம் இதே மாதிரி ஒரு ஜோடிக்குத்தான் போட்டேன். முந்தாநாள் ஒரு பொம்பளை அவ புருசன் பூட்ஸக் கொண்டுவந்தா. பழைய சோல் தேஞ்சுபோச்சு, கப்பல்ல வழுக்கி விழுந்துருவாருன்னு, பிரிச்சுப் புதுசாப் போடச் சொன்னா.”

“அவன் பேரச் சொல்லுங்க.”

“காலத் தூக்குலே.”

தூக்கினான். குறுக்குக் கோடுகள் புத்தம் புதிதாக இருந்தன. லீவு முடிந்து காலையில் அவசரமாக மாட்டிக்கொண்டு ஓடியவன், அடியைத் திருப்பியே பார்த்திருக்கவில்லை.

மனைவியைப் போனில் அழைத்தான். பஸ் இரைச்சலுக்கு நடுவே அனுசியாவின் குரல் வந்தது.

“என்ன, அந்த ஆளப் பிடிச்சிட்டியளா?”

“பிடிச்சிட்டேன்” என்றான் மெதுவாக.

“ராத்திரிக்கு அவனையே சமைச்சுப் போடச் சொல்லுங்க.”