கூப்பிட்டால் வராத சிங்காரம்

மிராசுதார் அப்பாசாமி ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தார். "டேய் சிங்காரம், வாடா இங்க."

அவர் வளர்த்த இளம் நாய் வைக்கோல்போரடியில் படுத்தபடி அவரைப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை. ரொட்டித்துண்டைக் காட்டினார், பிறகு கம்பைக் காட்டினார். இரண்டும் பலிக்கவில்லை.

மாட்டுக்கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்த ராசம்மாள், "அதட்டினா வராதுங்க. வாங்கன்னு மரியாதையாக் கூப்பிட்டா ஓடி வரும்," என்றாள்.

"உன் தெருவுல ஒருத்தனையும் நான் வாங்கன்னு கூப்பிட்டதில்ல. நாயைக் கூப்பிடணுமா?"

மறுநாள் நில உச்சவரம்பு அதிகாரி வந்தார். வரம்புக்கு மேலிருந்த வயல்களை அப்பாசாமி உறவினர் பெயர்களில் எழுதி வைத்திருந்தார். அதிகாரி பட்டியலோடு வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சரிபார்த்தார். மச்சினர் வந்தார், மருமகன் வந்தார்.

கடைசிப் பெயருக்கு அப்பாசாமி முந்திக்கொண்டார். "அந்த அஞ்சு ஏக்கர் என் சித்தப்பா மகனோடது. சிங்கப்பூர்ல இருக்கான். கூப்பிட வேண்டாம் சார்."

"முறைன்னு ஒண்ணு இருக்குங்களே," என்ற அதிகாரி குரலை உயர்த்தினார். "சிங்காரம், இருந்தா வாங்க."

வைக்கோலை உதறிக்கொண்டு ஓடி வந்த நாய், அவர் காலடியில் வாலாட்டி நின்றது.

அதிகாரி பட்டியலையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

ராசம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "ஐயாவோட சித்தப்பா மகன் சிங்கப்பூர்லேருந்து வந்துட்டாருங்க."