கோணம்: ஒன்று

தையல் கம்பெனியின் கட்டிங் மேஜையருகே இருப்பது ஐந்து பேர்: எங்கள் மருமகள் கீதாஞ்சலி, கட்டிங் மாஸ்டர் சீனிச்சாமி, முதலாளி சிவராஜ், செக்கிங் பார்க்கும் அன்புசெல்வி, மதியச் சோற்றைக் கொண்டுவந்த நான். ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. குழந்தைக் கவுனின் பாவாடைத் துண்டுக்கு மருமகள் எழுதிய அளவுச் சீட்டைச் சீனிச்சாமி தூக்கிக் காட்டுகிறார். கோணம் என்ற இடத்தில் ‘1’ என்று இருக்கிறது. “ஒரு டிகிரியாம்! இந்தக் கவுனு எலிக்குக்கூடப் பத்தாதும்மா.” அன்புசெல்வி வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். “கணக்குத் தப்புன்னா இன்னைக்கே நின்னுக்கம்மா” என்கிறார் முதலாளி. எனக்குக் காதுமடல் எரிகிறது. எங்கள் வீட்டுப் பெண்ணை, என் கண் முன்னாலேயே! அவள் தலை குனியவில்லை. “டிகிரி இல்லீங்க மாஸ்டர், ரேடியனுங்க.” பழுப்புக் காகிதத்தில் இருபது இஞ்ச் ஆரத்துக்கு ஒரு வளைவு போடுகிறாள். டேப்பில் அதே இருபது இஞ்சை வளைவின் மேல் படுக்கவைத்து, இரு முனைகளிலிருந்தும் மையத்துக்குக் கோடு இழுக்கிறாள். “ஆரத்தோட நீளமே வளைவுலயும் இருந்தா, அந்தக் கோணம் ஒரு ரேடியனுங்க. டிகிரில நீங்களே பாருங்க.” சீனிச்சாமி பாகைமானியை வைக்கிறார். கோடு ஐம்பத்தேழைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. முதலாளி அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டதாக எங்கள் ஊர் அனுப்பர்பாளையத்தில் இப்போது பேசுகிறார்கள். நிறுத்தவில்லை. துணியை அவள் எழுதிய அளவுக்குத்தான் வெட்டுகிறார்கள்.