முதல் வசனத்துக்கு முன்னால் வீங்கிய உதடு

ஒப்பனை அறையின் விளக்குகள் அத்தனையும் எரிகின்றன. கண்ணாடியில் தெரிபவள் இன்றைய நாடகத்தில் முதல்முறையாகக் கதாநாயகி. நேற்று தடுப்பூசி போட்டுக்கொண்டாள்; இன்று காலை மேலுதடு பஞ்சடைத்ததுபோல் உப்பிவிட்டது. போன வருடம் யாருக்கும் தெரியாமல், உதட்டை எடுப்பாக்கும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்ட அதே இடம். சிலருக்கு இப்படி ஆவதுண்டு, வடிந்துவிடும் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார் டாக்டர். இன்னும் வடியவில்லை. அவளால் முடியாவிட்டால் நடிக்கவேண்டிய தோழி, அதே நீல உடையில் கதவருகே வசனத்தை முணுமுணுக்கிறாள். இயக்குநர் குனிந்து பார்க்கிறார். “என்னம்மா, குளவி கொட்டிடுச்சா?” “இல்ல சார், ஃபில்லர். பிறவி உதடுன்னு உங்ககிட்ட அளந்து விட்டேன்.” ஐஸ் துணியோடு நிற்கும் ஒப்பனைக்கார அக்கா வாயைப் பிளக்கிறாள். “அடிப்பாவி, எங்கிட்டயுமா?” “அப்புறம் திட்டுக்கா.” இயக்குநர் நிமிர்கிறார். “வீக்கம் இருந்தா இருக்கட்டும். கடைசி வரிசைக்குக் கேக்கணும், அவ்வளவுதான். மொத வசனம் சொல்லு.” அவள் எழுகிறாள். “அப்பா, படகு புறப்படுகிறது. பயப்படாமல் போய் வா.” முதல் சொல் உதட்டில் தடுக்கி விழுகிறது; மற்றவை துள்ளிக்கொண்டு வெளியேறி வெளித் தாழ்வாரம் முழுக்க ஒலிக்கின்றன. கதவருகே முணுமுணுப்பு நின்றுவிடுகிறது. இயக்குநர் தலையசைத்துவிட்டு மேடைப் பக்கம் ஓடுகிறார். மணி அடிக்கிறது. தோழி வந்து கதாநாயகியின் முதுகில் மாட்டாமல் விட்ட கொக்கியை மாட்டிவிடுகிறாள்.