அடுக்குத் தும்மல்

என் வீட்டுக்காரருக்குச் சளி நின்றுபோனதும், முதுகில் அடங்கிக் கிடந்த தோல் புற்று மறுபடி கறுப்பாகப் பரவத் தொடங்கிவிட்டது.

"சளிக்கிருமி உடம்புல இருந்தாத்தான் அது அடங்கும். எங்கயாவது புதுசாப் பிடிச்சிட்டு வாங்க" என்கிறார் டாக்டர்.

எங்கே போய்ப் பிடிப்பது? ஊரே தடுப்பூசி போட்டுச் சளியை ஒழித்துவிட்டது. மூக்கு ஒழுகும் பிள்ளை ஒன்றாவது வருமா என்று பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். வாட்ச்மேன் விரட்டிவிட்டார். பார்க்க வருகிற சொந்தக்காரர்களோ பொறுப்பாக முகக்கவசம் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று சட்னிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். கப்பல் வேலையில் தேசம் தேசமாகச் சுற்றும் இவருடைய தம்பி செண்பகராமன் வந்தார். சொத்தைப் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. வாசல்படி தாண்டியதும் அவர் அடுக்கடுக்காகத் தும்மினார்.

இவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிப்போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டார். முகத்தோடு முகம் வைத்து அழுத்தினார். விடவே இல்லை.

"மதினி, அண்ணன் என்னை மன்னிச்சிட்டாரு" என்று தம்பி விம்மினார்.

இவரும் தும்மினார். தம்பியின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, "பிடிச்சிருச்சுடி" என்று சிரித்தார்.

அப்போது நானும் தும்மினேன்.

உள்ளே ஓடினேன். அடுப்பில் மிளகாய் கருகி, வீடெல்லாம் நெடி.

இரண்டு பேரில் யாரிடம் நான் போய் என்னவென்று சொல்ல?