கங்காணி வீட்டு வாத்துக்குஞ்சு

"அக்கா, நீங்களா?"

கள்ளுக்கடை வாசலில் கையில் தேங்காய்ச் சிரட்டையோடு நின்ற அங்கம்மாவைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி வாயைப் பிளந்தாள்.

"கள்ளு இல்லடி. பானை அடியில நிக்கிற மண்டி. வாத்துக்குஞ்சுக்கு."

"அண்ணன் கால் விழுந்து படுத்துக் கெடக்காரு. நீங்க வாத்துக்கு வைத்தியம் பாக்குறீங்களா? நல்லாருக்கு!"

அங்கம்மா சிரட்டையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கங்காணி சம்சாரத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற சேதி, அவள் வீடு போய்ச் சேருவதற்குள் லயத்து வீடுகள் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது.

விஷயம் இதுதான். மலாயாவில் மெர்சிங் சாலையோரத்து ரப்பர் தோட்டம் அது. அங்கே கங்காணியானதும் அவள் புருஷன் தங்கராஜு செய்த முதல் காரியம், புழுங்கலரிசிச் சோற்றைத் தலைமுழுகியது. அது கூலிகள் தின்பதாம். தோட்ட ஆபீஸ் பெரிய கிராணி வீட்டில் வெள்ளை வெளேரென்று தீட்டிய சயாம் அரிசிதான் வேகும். அப்புறம் கங்காணி வீட்டில் மட்டும் வேறு வேகலாமா?

அங்கம்மாவுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. தனக்கென்று புழுங்கலரிசியையே பொங்கிக்கொண்டாள். கங்காணியின் தட்டில் மிஞ்சியதெல்லாம் அவள் வளர்த்த வாத்துக்குஞ்சுக்குப் போனது.

கௌரவம் காலில் வந்து இறங்கியது. முதலில் மரத்தது, பிறகு வீங்கியது, ஒருநாள் கங்காணியால் எழுந்திருக்கவே முடியவில்லை. கொஞ்ச நாளில் குஞ்சும் காலைப் பரத்திக்கொண்டு விழுந்தது.

எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸர் கிரகோரி வந்து கங்காணியின் காலை அமுக்கிப் பார்த்தார்.

"பெரிபெரி. அரிசியைத் தீட்டத் தீட்ட சத்தெல்லாம் தவிட்டோட போயிடுது. இப்ப அதுக்கு வைட்டமின்னு பேரு வெச்சிருக்காங்க. புழுங்கலரிசி சாப்பிடுங்க, தவிட்டுக் கஞ்சி குடிங்க. நெஞ்சுக்கு ஏறிடுச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

"தவிடா? நான் என்ன மாடா?"

"இந்தக் குஞ்சுக்கும் உங்க வியாதிதான் கங்காணி. தவிடும் கள்ளு மண்டியும் குடுத்தா எந்திரிக்கும்."

"அப்ப அது எந்திரிச்சு நடக்கட்டும். அப்புறம் நான் வாயைத் தொறக்குறேன்" என்று கங்காணி சிரித்தார்.

அங்கம்மா சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீம்பு அவளுக்குத் தெரியும். கெஞ்சினாலும் அழுதாலும் இறங்காது. குஞ்சு எழுந்தால்தான் இவர் எழுவார்.

தவிட்டை மண்டியில் குழைத்து, விரல் நுனியால் ஊட்டினாள். காலை இன்னும் பரத்திக்கொள்ளாமல் இருக்க, சிரட்டைக்குள் வைக்கோல் அடைத்து அதில் நிமிர்த்தி உட்கார வைத்து, சிரட்டையோடு கட்டிலோரம் இருந்த பெட்டிக்குள் வைத்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகுமுன் ஒரு தரம், வந்து ஒரு தரம், சமையலுக்கு நடுவே ஒரு தரம்.

"செத்ததுக்குப் போயி உயிர் குடுக்கப் பாக்குறா" என்றார் கங்காணி கட்டிலில் கிடந்தபடி.

"பேசாம பாத்துக்கிட்டே இருங்க" என்றாள் அவள்.

ஒருநாள் காலையில் பெட்டியைத் திறந்தாள். குஞ்சு விறைத்துக் கிடந்தது.

அங்கம்மா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். கங்காணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முகத்திலும் வீக்கம் ஏறியிருந்தது. குஞ்சு போனால் போகட்டும், இந்த மனுஷனை விடுவதாக இல்லை அவள்.

குஞ்சை முந்தானையில் மறைத்துக்கொண்டு வெளியேறினாள். ரப்பர் காட்டுக்குக் குறுக்கே, முழங்கால் சேற்றில் இறங்கி, வாத்தும் வளர்க்கும் சீனன் காய்கறித் தோட்டத்துக்கு ஓடினாள். சீனரிடம் குஞ்சைக் காட்டி, இதே அளவில் ஒன்று வேண்டும் என்றாள். கீரைப் பாத்தி முழுக்கக் களை பிடுங்கித் தருவதாகவும் சொன்னாள். சீனருக்கு என்ன புரிந்ததோ, ஒரு குஞ்சைப் பிடித்துக் கையில் கொடுத்தார். வாத்துக்குஞ்சுகளில் இது எது, அது எது என்று பெற்ற வாத்துக்கே தெரியாது.

"ஏங்க, இங்க பாருங்க!"

கட்டிலுக்குக் கீழே விட்டதும் குஞ்சு தபதபவென்று வீட்டைச் சுற்றி ஓடியது.

கங்காணி குஞ்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சரி, கொண்டா உன் தவிட்டை" என்றார்.

முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் குடித்தார். ஆனால் மிச்சம் வைக்காமல் குடித்தார். வீக்கம் வடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கைத்தடியோடு நடந்தார். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மறுபடி போன அன்று லயமே வாசலில் நின்றது.

"எல்லாம் அந்தக் குஞ்சு காட்டின வழி!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். புஷ்பவள்ளிகூட வந்து, "அக்கா, எனக்கும் கொஞ்சம் தவிடு" என்று கேட்டு வாங்கிப் போனாள்.

ஒவ்வொரு தரமும் அங்கம்மாவுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. கட்டின புருஷனை ஏமாற்றிவிட்டோமே!

தாங்கமாட்டாமல் ஒருநாள் சோறு போடும்போது சொல்லிவிட்டாள்.

"ஏங்க, திட்டாதீங்க. அந்தக் குஞ்சு செத்துப்போச்சு. இது வேற குஞ்சு."

கங்காணி புழுங்கலரிசிச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"தெரியும். விடியக்காலம் அது கத்துச்சு. எடுத்து என் நெஞ்சுமேல போட்டுக்கிட்டேன். அங்கேயேதான் அடங்குச்சு. திரும்பப் பெட்டியில வெச்சதே நான்தான்."

அங்கம்மா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் ஏன் தவிட்டைக் குடிச்சீங்க?"

"சீலையெல்லாம் சேறா, மூச்சு வாங்க வந்து நின்ன பாரு... அதுக்கு மேலயும் படுத்தே கெடந்தா, நான் மனுஷனா?"