எதில் போகலாம்?

"தம்பி, ஊருக்குள்ள போறதுக்கு எதுல போனா நல்லது?"

விமான நிலையத் தகவல் கவுண்டரில் இருந்த இளைஞன் நிமிர்ந்தான். எதிரே ஒரு பெரியவர், கையில் சிறு பெட்டியோடு.

"மெட்ரோ இருக்கு, பஸ் இருக்கு, டாக்ஸி இருக்குங்கய்யா. மெட்ரோன்னா அரை மணி நேரத்துல போயிடலாம்."

"அதுக்குக் கீழ இறங்கணுமே?"

"லிஃப்ட் இருக்குங்கய்யா."

"லிஃப்ட்டுல எனக்கு மூச்சு முட்டும்."

"எஸ்கலேட்டர்?"

"அதுல முதல் காலை எப்ப வைக்கிறதுன்னே தெரியாது."

"பரவால்லைங்கய்யா, பஸ்ல போங்க. வெளியே வந்ததும் மூணாவது தூண் பக்கத்துல நிக்கும்."

"வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்?"

இளைஞன் கண்ணை மூடி யோசித்தான். "இப்ப வலது பக்கம். நீங்க இடது பக்கம் உக்காருங்க. பாலம் தாண்டினதும் மாறி உக்காந்துக்கலாம்."

பக்கத்துக் கவுண்டர் பெண் தன் வேலையை விட்டுவிட்டு அவனையே பார்த்தாள்.

"டாக்ஸின்னா டிரைவர் தொணதொணன்னு பேசிக்கிட்டே வருவாரே?"

"பேசாத டிரைவராப் பார்த்து நானே ஏத்தி விடறேன்."

"பேச்சுத்துணை இல்லேன்னா எனக்குத் தூக்கம் வந்துடும்."

"அப்ப அளவாப் பேசறவராப் பார்ப்போம்."

பின்னால் வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. யாரோ முணுமுணுத்தார்கள்.

"பெரியவர் கேக்கறார் இல்லையா, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றான் இளைஞன்.

"அந்த மெட்ரோ சமாச்சாரத்தை முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்க."

அவன் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு தாளில் படம் போட்டு விளக்க ஆரம்பித்தான். பாதியில் பெரியவர் அவன் கையைப் பிடித்தார்.

"போதும் மாப்பிள்ளை."

இளைஞனின் கையிலிருந்து பேனா நழுவியது.

"நான் ஊருக்குள்ள போகப் போறதே இல்ல. அடுத்த விமானத்துல திரும்பிடுவேன். கட்டினா உங்களைத்தான் கட்டுவேன்னு என் பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கறா. அவளுக்கு மூக்கு மேல கோபம். நீங்களும் அப்படியே இருந்தா வீடு தாங்காதேன்னு ஒரு எட்டு பார்த்துட்டுப் போக வந்தேன். இவ்வளவு பொறுமையை நான் எங்கயுமே பார்த்ததில்ல. எனக்குப் பூரண சம்மதம்."

இளைஞன் எழுந்து நின்று கைகூப்பினான். அவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, பெரியவர் நிம்மதியாகப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வரிசையில் அடுத்தவர் நகர்ந்து வந்தார். "சார், டாக்ஸி எங்க நிக்கும்?"

"போர்டுல எழுதியிருக்குல்ல? கண்ணு எதுக்கு இருக்கு?" என்று எரிந்து விழுந்தான் இளைஞன், தலையை நிமிர்த்தாமலே. அவன் விரல்கள் கைபேசியில் வேகமாக ஓடின: 'காலைல நீ அப்பா போட்டோவை அனுப்பினது எவ்வளவு நல்லதாப் போச்சு தெரியுமா?'