சாவி வைத்திருக்கும் கை

எம். புதுப்பட்டிப் பட்டாசு ஆலையின் கம்பிக் கதவுக்குப் பின்னால் பெண்கள் முட்டி மோதிக்கொண்டு நிற்கிறார்கள். இன்று ஓட்டுப்பதிவு. சீசன் லோடு முடியாமல் ஒருத்தரும் வெளியே போகக்கூடாது என்று முதலாளி இராமகிருஷ்ணன் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டார். வெளியே காவலாளி சம்சுதீன் நிற்கிறார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். சாய்ந்த வெயில் கம்பி நிழல்களை அந்தப் பெண்களின் முகங்கள் மேல் கோடு கோடாய்ப் போடுகிறது. வேப்பமரத்தடி நாற்காலியில் முதலாளி தன் புதுச் செல்போனை வேட்டி நுனியால் துடைக்கிறார். “ஓட்டுப் போட்டு என்னத்தக் கண்டோம்? ராணுவ ஆட்சி வந்தாத்தான் நாடு உருப்படும். என்ன மிலிட்டரி, சரிதானே?” சம்சுதீனின் குதிகால்கள் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. “சரிங்கய்யா” என்கிறது வாய். கம்பி இடுக்கில் கையை நீட்டுகிறாள் பாலம்மாள். “பாய், ஆறு மணிக்குப் பூத்த மூடிருவாக. பட்டாளத்துல ஓட்டுப்பெட்டிக்குக் காவல் நின்னதாச் சொன்னீகளே, அங்கனயும் இப்பிடித்தான் நின்னீகளா?” அவள் விரல்களில் மை இல்லை, அலுமினியப் பொடிதான் மினுங்குகிறது. சம்சுதீன், காலையில் ஓட்டுப் போட்டு வந்த தன் இடதுகை விரலின் மை அவள் கண்ணில் படாதபடி, சாவியோடு சேர்த்துக் கையை இறுக மூடிக்கொள்கிறார்.